குன்னூரில் எலி வளர்த்த சீமை டாக்டரம்மா

1929-ஆம் ஆண்டு, ஏப்ரல் மாதம். சமவெளியில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரக் குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளுடன் நீலகிரிக்கு ஏறும் காலம் அது. மேட்டுப்பாளையத்திலிருந்து பல்சக்கர ரயில் புகை கக்கிக்கொண்டு மலையேறும். உதகையில் குதிரைப் பந்தயமும் விருந்தும் நடக்கும்.

அந்தக் கோடையில் மலைக்கு வந்தவர்களில் லூசி வில்ஸ் என்ற டாக்டர் அம்மையாரும் ஒருவர். வயது 40. கல்யாணம் ஆகாதவர். நாய்க்கடிக்கு மருந்து தயாரிக்கும் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் அக்டோபர் வரை அவருக்கு வேலை இருந்தது.

என்ன வேலை? எலிகளுக்குச் சோறு போடும் வேலை! எந்தச் சோறு தின்ற எலிக்கு இரத்தம் கெடுகிறது, அதோடு எதைச் சேர்த்தால் தேறுகிறது என்று பார்க்க வேண்டும்.

பம்பாயில் ஏழைக் கர்ப்பிணிகள் இரத்தம் வற்றிச் செத்துக்கொண்டிருந்தார்கள். காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. அதைத் தேடித்தான் அந்த அம்மையார் எலிக் கூண்டருகே நின்றார்.

அவர் தேடியது தாயின் இரத்தத்துக்கு மருந்து. அது கிடைத்தது. அவர் இறந்து 27 ஆண்டுகள் கழித்து, அதே பொருள் வயிற்றில் இருக்கும் குழந்தையின் முதுகுத் தண்டையும் காக்கிறது என்று நிரூபணம் ஆயிற்று. இது அவருக்குக் கடைசிவரை தெரியாது.

முதுகுக்குள் ஒரு வடம்

முதுகைத் தடவிப் பாருங்கள். முடிச்சு முடிச்சாக எலும்பு தட்டுப்படும். அந்த எலும்புகளின் நடுவே ஒரு பாதை. பாதைக்குள் சுண்டுவிரல் பருமனில் வெண்மையான வடம் ஒன்று இறங்குகிறது. அதற்குத் தண்டுவடம் என்று பெயர். நீளம் சுமார் 45 சென்டிமீட்டர், அதாவது ஒன்றரை அடி. எடை ஏறக்குறைய 35 கிராம்தான்.

காலை எடுத்து வைக்கிறோம். முள் குத்தினால் வலிக்கிறது. சிறுநீரை அடக்குகிறோம். எல்லாம் இந்த வடத்தின் தயவு. மூளைக்கும் உடலுக்கும் இடையே இது டெலிபோன் கம்பி மாதிரி.

வடம் பிழைப்பது இரத்தத்தால். முன்புறம் ஒரு தமனி, பின்புறம் இரண்டு தமனிகள் மேலிருந்து கீழாக ஓடுகின்றன. ஆற்றில் ஓடைகள் வந்து கலப்பதுபோல, வழியெங்கும் பக்கவாட்டிலிருந்து சிறு தமனிகள் வந்து சேருகின்றன. இதில் ஒரு விந்தை உண்டு. இந்த ஓடைகள் எல்லோருக்கும் ஒரே இடத்தில் வந்து கலப்பதில்லை! எத்தனை ஓடை, எந்தப் பக்கம், எந்த எலும்பருகே என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். கீழ்ப்பாதி வடத்தை ஊட்டும் பெரிய ஓடை பெரும்பாலோருக்கு இடப்பக்கம், சிலருக்கு வலப்பக்கம். பலருக்கு விலாவின் அடிப்பகுதியில் நுழைகிறது. சிலருக்கு இன்னும் இறங்கி இடுப்புப் பக்கம் நுழைகிறது. 1881, 1882-ஆம் ஆண்டுகளில் இதை விளக்கியவர் ஆடம்கீவிச் என்ற போலந்து நாட்டு டாக்டர். இன்றும் அந்தத் தமனிக்கு அவர் பெயர்தான். ஆபரேஷனின்போது அது அறுந்தாலோ அடைத்தாலோ இரண்டு காலும் விழுந்துவிடக்கூடும். ஆகையால் நெஞ்சிலும் வயிற்றிலும் பெருந்தமனியைத் தொடும் டாக்டர்கள் இந்த ஓடையை நினைத்துப் பயப்படுவார்கள்.

இரத்தம் வந்தால் மட்டும் போதுமா? அதில் சத்தும் வர வேண்டும். பி 12 என்ற வைட்டமின் இல்லாத இரத்தம் எத்தனை ஓடை வழியாகப் பாய்ந்தாலும் தண்டுவடம் மெல்லக் கெட்டுப்போகும். பாதம் மரத்துப்போகும். நடை தள்ளாடும்.

சத்துக் குறைவு இன்னொரு விதமாகவும் வடத்தைக் கெடுக்கும். அது பிறப்பதற்கு முன்னால் நடக்கும் கதை.

தண்டுவடம் முதலில் வடமாக இருப்பதில்லை. கரு உண்டான மூன்றாம் வாரத்தில் அது தட்டையான ஒரு சின்ன ஏடு. ஏட்டின் இரண்டு ஓரங்களும் எழும்பி, வெற்றிலையைச் சுருட்டுவதுபோலச் சுருண்டு, நடுவில் ஒட்டிக் குழாய் ஆகிறது. மேல் பகுதி மூளை, கீழ்ப் பகுதி தண்டுவடம். 28 நாளுக்குள் குழாய் மூடிவிட வேண்டும். அந்த நாளில் அதற்கென்று இரத்தக் குழாய்கள்கூட முழுதாக அமைந்திருக்காது. பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்பதே தெரிந்திருக்காது.

கீழ்ப்பக்கம் மூடாமல் நின்றுவிட்டால், குழந்தை முதுகில் திறப்போடு அல்லது கட்டியோடு பிறக்கும். வடம் வெளியே தெரியும். கால் விளங்காமல் போகலாம். சிறுநீர், மலம் அடங்காமல் போகலாம். மேல்பக்கம் மூடாவிட்டால் மூளை வளராது. அந்தக் குழந்தை பிழைக்காது.

இப்படிப் பிள்ளை பிறந்த வீடுகளில் என்ன சொல்வார்கள்? கிரகணத்தன்று வெளியே வந்தாள், அதனால்தான் என்பார்கள். பாம்பை அடித்த பாவம் என்பார்கள். பழி எல்லாம் பெற்றவள் தலையில். சில இடங்களில் இன்றும் அப்படித்தான். பிள்ளையைப் பறிகொடுத்தவள் இந்தப் பேச்சையும் கேட்டுக்கொண்டு இருக்க வேண்டும்.

அரிவாள் செய்யும் வீட்டுப் பெண்

லூசி வில்ஸ் 1888-ஆம் ஆண்டு மே மாதம் 10-ந் தேதி இங்கிலாந்தில், பர்மிங்ஹாம் நகருக்கு அருகே உள்ள சட்டன் கோல்ட்ஃபீல்டில் பிறந்தார். அரிவாள், கத்தி போன்ற வெட்டுக் கருவிகள் செய்வது குடும்பத் தொழில். தந்தை விஞ்ஞானம் படித்தவர். தாய் ஒரு டாக்டரின் மகள். வீட்டில் இயற்கை நூல்களும் ஆராய்ச்சிப் பேச்சும் சாதாரணம்.

செல்டன்ஹாமில் பெண்கள் கல்லூரிப் பள்ளியில் படித்தார். 1907-ல் கேம்பிரிட்ஜில் நியூன்ஹாம் கல்லூரியில் சேர்ந்து தாவர நூலும் பூமி நூலும் கற்றார். 1911-ல் பரீட்சையில் தேறினார். ஆனால் பட்டம் கிடைக்கவில்லை! அந்தப் பல்கலைக்கழகம் அப்போது பெண்களுக்குப் பட்டம் கொடுப்பதில்லை. பரீட்சை எழுதலாம், தேறலாம், பட்டம் மட்டும் இல்லை. 1948-ல்தான் அந்தக் கதவு திறந்தது. அதற்குள் லூசி அம்மையார் வேலையிலிருந்தே ஓய்வு பெற்றுவிட்டார்.

1911-ல் தந்தை காலமானார். 1913-ல் அக்காள் எடித் 26 வயதில் இறந்தார். துக்கத்தில் இருந்த தாயை அழைத்துக்கொண்டு அந்த ஆண்டே லூசி இலங்கைக்குப் போய் வந்தார். அடுத்த ஆண்டு தம்பியுடன் தென்னாப்பிரிக்காவுக்குப் போனார். அங்கே இருக்கும்போது முதல் உலக யுத்தம் மூண்டது. கேப்டவுனில் தொண்டராக நர்ஸ் வேலை பார்த்தார். பிறகு வைத்தியம் படிப்பது என்று முடிவு செய்துவிட்டார்.

1915 ஜனவரியில் லண்டன் பெண்கள் வைத்தியக் கல்லூரியில் சேர்ந்தார். பெண்களுக்கு வைத்தியம் கற்பிப்பதற்காகவே பிரிட்டனில் முதன்முதலில் ஏற்பட்ட கல்லூரி அது. இந்தியப் பெண்களும் அங்கே படித்தார்கள். பிற்காலத்தில் பம்பாயில் பேர் பெற்ற பிரசவ டாக்டர் ஜெருஷா ஜிராத் அந்தக் காலத்தில் அங்கே படித்தவர்தான். 1920-ல் லூசி டாக்டரானார். வயது 32. ஊசியும் குழலும் எடுத்துக்கொண்டு பணம் சம்பாதிக்க அவர் போகவில்லை. ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகளின் உடல் மாறுதல்களை ஆராயும் பகுதியில் சேர்ந்துவிட்டார்.

பம்பாய்க்கு வந்தார்

1920-களில் இந்தியாவில் பிரசவ காலத்தில் இறந்த தாய்மார் ஏராளம். ஏன் இறக்கிறார்கள் என்று விசாரிக்க டாக்டர் மார்கரெட் பால்ஃபர் அம்மையார் ஒரு ஆராய்ச்சியை நடத்திவந்தார். அவர் அழைத்ததன் பேரில் 1928-ல் லூசி பம்பாய் ஹாஃப்கின் இன்ஸ்டிடியூட்டுக்கு வந்தார். பம்பாய் என்பது இன்றைய மும்பை.

அங்கே ஒரு விசித்திரமான சோகை. சாதாரணச் சோகையில் இரத்தத்தின் சிவப்பு அணுக்கள் சிறுத்து வெளிறிப்போகும். இரும்புச் சத்துக் கொடுத்தால் தேறும். இந்தச் சோகையில் அணுக்கள் பருத்துக் கிடந்தன. எண்ணிக்கையோ மிகக் குறைவு. இரும்பு கொடுத்தும் பயனில்லை. கடைசி மாதங்களில் தாய் மூச்சு வாங்கி, உடம்பு வீங்கி, பிரசவத்துக்கு முன்னோ பின்னோ இறந்துவிடுவாள்.

நோய்க்கிருமி ஏதேனும் இருக்குமோ என்று சந்தேகம். லூசி கிருமியைத் தேடினார். சரியான சாட்சி இல்லை. அதன்பின் வீடுகளுக்குப் போய் அடுப்படியைப் பார்த்தார். எந்தச் சாதியார், எந்த மதத்தார், எந்த நிலைமையில் இருப்பவர் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தார். விஷயம் துலங்கியது. கீரை, பால், பழம், இறைச்சி அகப்படாத வீடுகளில்தான் இந்தச் சோகை. நெசவாலைத் தொழிலாளிகளின் மனைவிமாரிடம் அதிகம். ஏழை முஸ்லிம் பெண்களிடம் மிக அதிகம். அவர்கள் சாப்பாடுதான் எல்லோரிலும் மோசமாக இருந்தது.

சாப்பாட்டில் எதுவோ இல்லை. அது எது? அந்தக் கேள்வியோடுதான் 1929-ல் குன்னூருக்கு ஏறினார்.

குன்னூர் எலிகள்

குன்னூரை ஏன் தேர்ந்தெடுத்தார்? அங்கே ராபர்ட் மெக்காரிசன் இருந்தார்.

பாஸ்டர் இன்ஸ்டிடியூட் 1907-ல் ஏற்பட்டது. அதற்குக் காரணமே ஒரு சோகம். 1902-ல் ஓர் ஆங்கில இளம்பெண் வெறிநாய் கடித்து இறந்தார். அப்போது தென்னாட்டில் வைத்தியம் கிடையாது. பிறகு அமெரிக்கச் செல்வர் ஒருவரின் நன்கொடையால் சிம்ஸ் பூங்கா எதிரே கட்டடம் எழுந்தது. அதே இடத்தில் மெக்காரிசன் சத்துணவு ஆராய்ச்சியை ஆரம்பித்தார். தொடக்கத்தில் அவருக்கு இருந்தது ஒரே ஒரு அறை என்பார்கள்.

இந்தியாவின் பல பகுதி மக்கள் சாப்பிடும் சாப்பாட்டை அவர் எலிகளுக்குப் போட்டுப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், நெய், பருப்பு, காய்கறி தின்னும் சீக்கியர் சாப்பாட்டில் எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. தீட்டிய அரிசிச் சோற்றை நம்பிய சென்னைச் சாப்பாட்டில் எலிகள் மெலிந்து நோயில் விழுந்தன. நமக்கு இது பெருமை தரும் செய்தியல்ல. ஆனாலும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

எலிகளும் கூண்டுகளும் தயாராக இருந்த அந்த இடம் லூசிக்கு வாய்ப்பாக அமைந்தது. பம்பாய் ஏழைகளின் சாப்பாட்டை ஒத்த உணவை எலிகளுக்குக் கொடுத்தார். சினை எலிகள் சோகை பிடித்தன. குட்டி போடுமுன்பே சில செத்தன. உணவோடு ஈஸ்ட் என்ற நுரைமத்தைச் சேர்த்தார். ரொட்டி மாவு பொங்கச் சேர்ப்பார்களே, அதுதான். சேர்த்ததும் எலிகள் தப்பின. ஆராய்ச்சி வெற்றி என்றே தோன்றியது.

ஆனால் எலிகள் ஏமாற்றிவிட்டன! எலிகளின் உடம்பில் பேன் இருந்தது. அந்தப் பேன் பார்டோனெல்லா என்ற கிருமியைப் பரப்பும். அந்தக் கிருமியும் சோகையை உண்டாக்கும். சோகை வந்தது சாப்பாட்டினாலா, பேனினாலா? பிரித்துச் சொல்ல முடியவில்லை. மாதக்கணக்கில் செய்த வேலையின்மேல் சந்தேகம் விழுந்தது.

வேறொருவராக இருந்தால் எலிகளை மறந்துவிட்டு முடிவை மட்டும் வைத்துக்கொண்டிருக்கக்கூடும். லூசி விடவில்லை. மனிதனுக்கு இன்னும் நெருங்கிய பிராணியிடம் பார்க்க வேண்டும் என்று பம்பாயில் குரங்குகளிடம் போனார்.

கறுப்புப் பசை

குரங்குகளுக்கும் அதே ஏழைச் சாப்பாடு. அவையும் சோகை பிடித்தன. இரத்தத்தைக் கண்ணாடியில் பார்த்தால் பம்பாய்த் தாய்மாரின் இரத்தம் மாதிரியே பருத்த அணுக்கள்.

அப்போது இங்கிலாந்தில் 1902 முதல் மார்மைட் என்ற கறுப்புப் பசை ஒன்று விற்பனையில் இருந்தது. பீர் காய்ச்சிய பின் மிஞ்சும் ஈஸ்டிலிருந்து எடுப்பது. உப்புக் கரிக்கும். ரொட்டியில் தடவித் தின்பார்கள். சாகக் கிடந்த குரங்குக்கு லூசி அதைக் கொடுத்தார். குரங்கு பிழைத்தது!

அதன்பின் தாய்மார். மார்மைட் கொடுத்த சில நாளிலேயே இரத்தத்தில் புது அணுக்கள் தலைகாட்டின. எழுந்து உட்கார முடியாதவர்கள் நடமாடினார்கள். மலிவான பொருள். வாயால் சாப்பிடலாம், ஊசி வேண்டாம். 1931-ல் பிரிட்டிஷ் வைத்தியப் பத்திரிகையில் இதை வெளியிட்டார்.

அந்த ஆண்டு தொடக்கத்தில் அவர் சென்னையிலும் வேலை பார்த்தார். திருவல்லிக்கேணியில் உள்ள கோஷா ஆஸ்பத்திரியில்தான். இன்று அதற்குக் கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி என்று பெயர். வயதானவர்கள் வாயில் இப்போதும் கோஷா ஆஸ்பத்திரிதான்.

மார்மைட் கடல் தாண்டி இலங்கைக்கும் உதவியது. 1934, 1935-ஆம் ஆண்டுகளில் அங்கே மலேரியா கொள்ளைபோல வந்தபோது, சூரியமல் இயக்கத் தொண்டர்கள் பட்டினியில் நொந்த கிராமத்தாருக்கு அதை வழங்கினார்கள். இலங்கையில் இன்றும் பல வீட்டு அலமாரிகளில் அந்தக் கறுப்புப் புட்டி இருக்கும்.

ஈரலில் ஒரு புதிர்

இந்த இடத்தில் கதை மறுபடியும் தண்டுவடத்துக்கு வருகிறது.

பருத்த அணுக்களுடன் வரும் இன்னொரு சோகை மேனாட்டில் இருந்தது. பெரும்பாலும் வயதானவர்களுக்கு வரும். அதில் இரத்தம் கெடுவதோடு தண்டுவடமும் கெடும். கால் மரத்து, நடை குலைந்து, கடைசியில் படுக்கை. 1926-ல் அமெரிக்க டாக்டர்கள் மைனாட்டும் மர்ஃபியும் தினம் ஈரல் தின்னக் கொடுத்து இதைக் குணப்படுத்தினார்கள். அதற்காக 1934-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

அப்படியானால் பம்பாய்ச் சோகையும் அதுவும் ஒன்றுதானா? எல்லோரும் ஒன்று என்றே நினைக்கக்கூடிய நிலை. லூசி சோதித்துப் பார்த்தார். ஈரலிலிருந்து வடித்த கச்சாச் சாறு குரங்குகளைக் குணப்படுத்தியது. ஆனால் மேலும் மேலும் சுத்தம் செய்த சாறு குணப்படுத்தவில்லை! மேனாட்டு நோயாளிகளுக்கு அந்தச் சுத்தமான சாறே போதும். ஆகவே ஈரலில் இருக்கும் பொருள் ஒன்றல்ல, இரண்டு. சுத்தம் செய்யும்போது கழிந்துபோகும் பொருள்தான் பம்பாய்த் தாய்மாருக்கு வேண்டியது. அந்தப் பெயர் தெரியாத பொருளை உலகம் வில்ஸ் பொருள் என்று அழைத்தது.

இந்த வேறுபாடு எவ்வளவு முக்கியம் என்பது 1940-களில் தெரிந்தது. வில்ஸ் பொருளைச் செயற்கையாகச் செய்து, மேனாட்டுச் சோகைக்காரர்களுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தம் தேறியது. முகம் சிவந்தது. ஆனால் தண்டுவடம் கெட்டுக்கொண்டே போனது! அவர்களுக்கு வேண்டியது மற்றப் பொருள். 1948-ல் அதைப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் முன்னே சொன்ன பி 12 வைட்டமின். இன்றும் டாக்டர்கள் பருத்த அணுச் சோகையைக் கண்டால், இரண்டில் எது குறைவு என்று பார்த்த பின்புதான் மருந்து தருவார்கள். கடையில் தானாக வாங்கித் தின்றால், இரத்தம் நன்றாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் நரம்பைப் பறிகொடுக்க நேரும்.

இலையிலிருந்து வந்த பெயர்

வில்ஸ் பொருள் என்ன என்று கண்டுபிடிக்கப் பல நாட்டில் போட்டி. 1941-ல் அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் நான்கு டன் பசலைக்கீரையை அரைத்துச் சாறெடுத்து, அதிலிருந்து சொற்பமாக ஒரு பொருளைப் பிரித்தார்கள். இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லைக்கொண்டு ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள்.

நான்கு டன் கீரை அரைத்தால் ஊருக்கு மருந்து கொடுக்க முடியுமா? தொழிற்சாலையில் செய்ய வேண்டும். 1945-ல் அதைச் செய்து காட்டியது லெடர்லி கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடம். அதன் தலைவர் யார் தெரியுமா? எல்லாப்ரகடா சுப்பாராவ். ஆந்திராவில் பீமவரத்தில் பிறந்து, சென்னையில் வைத்தியம் படித்து அமெரிக்கா போனவர். ஸ்ப்ரூ என்ற வயிற்றுப்போக்கு நோயில் எட்டே நாளில் இரண்டு சகோதரர்களைப் பறிகொடுத்தவர் அவர். ஸ்ப்ரூ நோயாளிகளின் சோகையையும் ஃபோலிக் அமிலம் தீர்த்தது. சுப்பாராவ் 1948-ல் காலமானார்.

ஃபோலிக் அமிலத்துக்கு உடம்பில் என்ன வேலை? உயிரணு ஒன்று இரண்டாகப் பிரியும்போது, தன்னுள் இருக்கும் மரபுப் பொருளை நகல் எடுக்க வேண்டும். அதற்கு இந்த அமிலம் தேவை. இல்லையென்றால் அணு பருக்கும், ஆனால் பிரியாது. பம்பாய்த் தாய்மாரின் இரத்தத்தில் பருத்த அணுக்கள் கிடந்ததன் இரகசியம் இதுதான். வயிற்றில் குழந்தை வளரும்போது தாய்க்கு இது இன்னும் அதிகம் வேண்டும். இப்போது அந்த வெற்றிலைச் சுருளை நினைத்துப் பாருங்கள். மூன்றாம் வாரத்தில் அந்த ஏட்டின் அணுக்கள் எவ்வளவு வேகமாகப் பிரிந்து பெருக வேண்டும்!

சைக்கிளில் வந்த டாக்டர்

லூசி 1933-ல் லண்டனுக்குத் திரும்பினார். 1937 முடிவில் மறுபடியும் பம்பாய்க்கு வந்து சில வாரம் வேலை பார்த்தார். அந்த முறை ஆகாய விமானத்தில் பயணம். இரண்டாவது யுத்தத்தில் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தார். 1944 ஜூலையில் ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியின்மேல் ஜெர்மானியரின் பறக்கும் குண்டு விழுந்து, கூடத்தின் வேலை குலைந்தது. 1947-ல் ஓய்வு பெற்றார்.

ஓய்வு என்று பேர்தான். ஜமைக்கா, ஃபிஜி, தென்னாப்பிரிக்கா என்று அலைந்து ஏழைகளின் சாப்பாட்டையும் சோகையையும் பார்த்தார். லண்டனில் செல்சீ வட்டாரத்தில் தொழிற் கட்சியின் சார்பில் நகர்மன்ற உறுப்பினராக இருந்தார். வேலைக்குச் சைக்கிளில் போவார், காரில் நாட்டமில்லை. மலைகள் என்றால் உயிர். கண்டிப்பான சுபாவம். மூடத்தனத்தையும் டம்பத்தையும் பொறுக்கமாட்டார். 1964 ஏப்ரல் 16-ந் தேதி, 75-ஆம் வயதில் காலமானார்.

இறந்த பிறகு

மறு ஆண்டு, 1965-ல், இங்கிலாந்தில் லிவர்பூல் நகர டாக்டர்கள் ஹிப்பர்டும் ஸ்மிதெல்ஸும் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார்கள். முதுகும் மூளையும் கோணலாகக் குழந்தை பெற்ற தாய்மாரின் உடம்பு ஃபோலிக் அமிலத்தைச் சரியாகக் கையாளவில்லையோ என்பது அவர்கள் கேள்வி. பலர் ஏற்கவில்லை. வாதம் பல ஆண்டு நீண்டது.

கடைசியாக 1983-ல் பெரிய சோதனை ஆரம்பமானது. ஏழு நாடுகள், 33 ஆஸ்பத்திரிகள், 1,817 பெண்கள். ஒவ்வொருவரும் ஏற்கெனவே இப்படி ஒரு குழந்தையைப் பெற்று, மறுபடியும் பிள்ளை வேண்டும் என்று இருந்தவர்கள். கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே ஒரு பாதிக்கு ஃபோலிக் அமிலம் உள்ள மாத்திரை, மறுபாதிக்கு அது இல்லாத மாத்திரை. யாருக்கு எது என்று தாய்க்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

1991 ஏப்ரலில் சோதனையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். தோல்வியா? இல்லை. முடிவு அவ்வளவு தெளிவாக இருந்தது. மேற்கொண்டு ஒரு பாதிப் பெண்களுக்கு மருந்து இல்லாமல் வைத்திருப்பது நியாயமில்லை என்று நிறுத்தினார்கள். குழாய் மூடாத குழந்தைகள் மொத்தம் 27. ஃபோலிக் அமிலம் சாப்பிட்ட தாய்மாருக்கு 6. சாப்பிடாத தாய்மாருக்கு 21. நான்கில் மூன்று பங்கு ஆபத்து ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. கிரகணமும் இல்லை, பாம்பும் இல்லை.

குன்னூரில் இருந்த சத்துணவு ஆராய்ச்சிக் கூடம் 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய்விட்டது. இன்று அது தேசியச் சத்துணவு நிலையம். பாஸ்டர் இன்ஸ்டிடியூட் மட்டும் சிம்ஸ் பூங்கா எதிரில் இருக்கிறது.

கர்ப்பிணிகளுக்கு இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை வழங்கும் தேசியத் திட்டம் நம் நாட்டில் 1970-ல் ஆரம்பமானது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் அந்த மாத்திரை இலவசம். கொத்தளம் போல மலைச்சரிவில் அடுக்கிக் கிடக்கும் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து கிள்ளும் பெண்களுக்கும் கிடைக்கிறது. இரத்தத்துக்கு அது போதும். தண்டுவடத்துக்கு மட்டும் நாள் கணக்கு வேறு. இரண்டு மாதம் தள்ளிப்போய், கர்ப்பம் என்று தெரிந்து மாத்திரை வாங்கும்போது அந்த 28 நாள் தாண்டியிருக்கும். ஆகையால்தான் பிள்ளை வேண்டும் என்று நினைக்கும் பெண்கள் முன்கூட்டியே, தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் சாப்பிட வேண்டும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். முன்னால் இப்படி ஒரு குழந்தை பிறந்திருந்தால் அளவு பத்து மடங்கு. அதை டாக்டர் எழுதித் தர வேண்டும். கீரையிலும் பயறிலும் கடலையிலும் ஈரலிலும் இந்தச் சத்து உண்டு. ஆனால் கீரையை நெடுநேரம் வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டால் அதில் பெரும்பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும்.